கருவுல ஓடின ஜீன் பொறந்ததும் ஏன் நின்னு போகுது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல தலசீமியாங்கற, ஹீமோகுளோபின் சரியா உருவாகாத பரம்பரை ரத்த நோய பத்தி எழுதும்போது பிசிஎல்11ஏ-ன்னு ஒரு புரோட்டீன் பேர போற போக்குல சொல்லியிருந்தேன், அத நிறுத்தினா நோய் அடங்குதுன்னு ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விங்கள பார்த்ததும் பக்கம் முழுக்க இதுக்கே குடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். குடும்பத்துல நோய் இருக்கறவங்களும் எழுதியிருக்காங்க, காலேஜ் பசங்களும் எழுதியிருக்காங்க, அதனால சில பதில் நீளமா போகும்.

என் அக்கா பையனுக்கு பீட்டா தலசீமியா மேஜர். பொறந்தப்ப கொழுகொழுன்னுதான் இருந்தான், ஏழாவது மாசத்துலதான் வெளுக்க ஆரம்பிச்சான், இப்ப மூணு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தறோம். பரம்பரை நோய்னா பொறக்கும்போதே தெரிஞ்சிருக்கணுமே, நீதான் சாப்பாட்டுல எதையோ குடுத்து கெடுத்துட்டேன்னு மாமியார் வீட்டுல அக்காவ பேசறாங்க. – வாசகி, ஈரோடு

இந்த பதில மாமியார் வீட்டுலயே சத்தமா படிச்சு காட்டுங்கம்மா. உங்க அக்கா குடுத்த சாப்பாட்டுக்கும் பாலுக்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்ல. பீட்டா தலசீமியா மேஜர், அதாவது இந்த நோயோட கடுமையான வகை, ஆறு மாசத்துக்கு மேல, ரெண்டு வயசுக்குள்ள தெரியறதுதான் வழக்கம். அந்த நேரத்துலதான் தெரியும்ங்கறதுக்கு தெளிவான காரணம் இருக்கு, அதோட இந்த நோய் வரணும்னா கெட்ட ஜீன் அம்மா கிட்டேர்ந்து ஒண்ணு அப்பா கிட்டேர்ந்து ஒண்ணுன்னு ரெண்டு பக்கமும் வந்திருக்கணும், ஒருத்தர மட்டும் கை காட்டறதுல அர்த்தமே இல்ல.

காரணம் என்னன்னா, ஹீமோகுளோபின் நாலு சங்கிலி சேர்ந்த ஒரு புரோட்டீன். பெரியவங்க ரத்தத்துல ரெண்டு ஆல்ஃபா ரெண்டு பீட்டா. வயித்துக்குள்ள இருக்கற குழந்தைக்கு பீட்டாவுக்கு பதிலா காமாங்கற சங்கிலி இருக்கும், ரெண்டு ஆல்ஃபா ரெண்டு காமா சேர்ந்தா அது கரு ஹீமோகுளோபின், லேப் ரிப்போர்ட்ல ஹெச்பி எஃப்னு போடுவாங்க. அம்மா ரத்தத்துலேர்ந்து ஆக்சிஜன இழுத்துக்கணும் இல்லையா, அதுக்கு தோதா இது ஆக்சிஜன இன்னும் இறுக்கமா பிடிச்சுக்கும். பொறக்கும்போது குழந்தையோட ஹீமோகுளோபின்ல பாதிக்கு மேல இதுதான், அப்புறம் மாசத்துக்கு மாசம் குறைஞ்சுகிட்டே வந்து ஒரு வயசு தாண்டினா ஒண்ணு ரெண்டு சதவீதத்துல வந்து நிக்கும், அந்த எடத்த பீட்டா நிரப்பிடும்.

உங்க அக்கா பையனுக்கு கெட்டுப் போயிருக்கறது பீட்டா ஜீன் மட்டும்தான். காமா ஜீன் நல்லாவே இருக்கு. அதனால காமா ஓடின வரைக்கும் குழந்தை கொழுகொழுன்னு இருந்தான், காமா நின்னு பீட்டா வர வேண்டிய நேரத்துல பீட்டா வரல, ஜோடி கிடைக்காத ஆல்ஃபா சங்கிலி செல்லுக்குள்ள கட்டி கட்டியா படிஞ்சு சிவப்பணு எலும்பு மஜ்ஜையிலயே செத்துப் போகுது, குழந்தை வெளுக்குது. ஏழாவது மாசம்ங்கறது அவன் கருவுல கொண்டு வந்த ஹீமோகுளோபின் தீர்ந்த மாசம். அவ்வளவுதான்.

இதுல என்ன நெகிழ வைக்கற விஷயம்னா, அந்த காமா ஜீன் அவன் உடம்புல இப்பவும் முழுசா அப்படியே இருக்கு. உங்களுக்கு இருக்கு, எனக்கு இருக்கு, எண்பது வயசு பாட்டிக்கும் இருக்கு. 11-வது குரோமோசோம்ல எப்சிலான், ரெண்டு காமா, டெல்டா, பீட்டான்னு இந்த ஜீன்கள் வரிசையா உக்காந்திருக்கு, நம்ம வளர்ச்சியில அதே வரிசையிலதான் ஒண்ணொண்ணா வேலைக்கு வருது. காமா அழிஞ்சு போகல, அத ஒரு புரோட்டீன் வந்து மூடி வெச்சிருக்கு. அந்தப் புரோட்டீன்தான் பிசிஎல்11ஏ. அத தயாரிக்கற ஜீன் இருக்கறது 2-வது குரோமோசோம்ல, அதாவது எங்கேயோ உக்காந்துகிட்டு வேற ஒரு குரோமோசோம்ல இருக்கற ஜீன நிறுத்தி வைக்குது. இப்படி டிஎன்ஏ மேல போய் ஒட்டிக்கிட்டு ஒரு ஜீன ஓட விடறதும் நிறுத்தறதுமா வேலை பாக்கற புரோட்டீன்களுக்குத்தான் டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்னு பேரு. மனுஷ உடம்புல சுமார் 1,600 வகை இருக்கு.

கண்ணுல இருக்கற செல்லுலயும் காமா ஜீன் இருக்குமா? – மாணவர், விருதுநகர்

இருக்கும். ஆனா அங்க அது எந்தக் காலத்துலயும் ஓடாது, ஏன்னா சிவப்பணுவோட தாய் செல்கள்ல இருக்கற ஜிஏடிஏ1, கேஎல்எஃப்1 மாதிரியான டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்கள் கூட்டா அங்க கிடையாது. எல்லா செல்லுலயும் கிட்டத்தட்ட 20,000 புரோட்டீன் ஜீன்கள் இருக்கு, எது எங்க ஓடணும்னு முடிவு பண்றது இவங்கதான். ஜிஏடிஏ1 பேர ஞாபகம் வெச்சுக்குங்க, கீழ மறுபடியும் வரும்.

பிசிஎல்11ஏ-தான் காமாவ மூடுதுன்னு யாரு, எப்படி கண்டுபிடிச்சாங்க? பயோகெமிஸ்ட்ரி டீச்சரா இருக்கேன், வகுப்புல சொல்லணும். – வாசகி, திண்டுக்கல்

வகுப்புல சொல்றதா இருந்தா 1948-லேர்ந்து ஆரம்பிங்க டீச்சர். நியூயார்க் புரூக்ளின்ல ஜேனட் வாட்சன்னு ஒரு குழந்தைகள் டாக்டர். சிக்கிள் செல் நோய் (பீட்டா ஜீன்ல வர்ற மாற்றத்தால சிவப்பணு அரிவாள் மாதிரி வளையற பரம்பரை நோய்) இருக்கற பச்சக் குழந்தைங்களுக்கு அந்த நோயோட அறிகுறி இல்லாததையும் அவங்க சிவப்பணு அவ்வளவா அரிவாள் மாதிரி வளையாததையும் கவனிச்சு, கரு ஹீமோகுளோபின்தான் காப்பாத்துதுன்னு எழுதினாங்க. டிஎன்ஏ எப்படி இருக்கும்னே தெரியாத காலம் அது. குழந்தை ரத்தத்த மைக்ராஸ்கோப்ல பார்த்தே அந்தம்மா சொன்னது இன்னிக்கு வரைக்கும் நிக்குது.

அப்புறம் சில குடும்பங்கள்ல பெரியவங்க ஆன பிறகும் ஹெச்பி எஃப் குறையாம இருக்கறத பார்த்தாங்க. அவங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்ல. அதே தன்மையோட சிக்கிள் ஜீனும் சேர்ந்து வந்தவங்களுக்கு நோய் ரொம்ப லேசா இருந்துச்சு. அப்ப காமா மறுபடி ஓடினா நோய் அடங்கும்னு தெரிஞ்சு போச்சு, ஆனா மூடறது யாருங்கற கேள்விக்கு பல வருஷம் பதில் இல்ல. எலியில தேடினாங்க, காமா ஜீன் மேலயே தேடினாங்க, உருப்படியா ஒண்ணும் மாட்டல.

பதில் வந்தது எதிர்பாக்காத எடத்துலேர்ந்து. 2007, 2008-ல லண்டன்ல ஸ்வீ லே தைன் குழுவும், இத்தாலியோட சார்டினியா தீவுல இன்னொரு குழுவும், சாதாரண ஜனங்களோட டிஎன்ஏ முழுக்க அலசி, ஹெச்பி எஃப் கொஞ்சம் கூட இருக்கறவங்களுக்கு எந்த எடத்துல டிஎன்ஏ எழுத்து (ஏ, டி, ஜி, சி) மாறியிருக்குன்னு பார்த்தாங்க. சார்டினியாவுல தலசீமியா ரொம்ப காலமாவே அதிகம். ரெண்டு குழுவுக்கும் மாட்டினது 2-வது குரோமோசோம்ல இருக்கற பிசிஎல்11ஏ. ரத்த நோய்க்காரங்க யாரும் அது பேர பெருசா கேள்விப்பட்டதில்ல, அதுவரைக்கும் அத பி செல் லூகேமியா சம்பந்தமா ஆராய்ச்சி பண்றவங்கதான் பாத்துகிட்டு இருந்தாங்க.

2008 டிசம்பர்ல பாஸ்டன்ல ஸ்டூவர்ட் ஆர்கின் லேப்ல விஜய் சங்கரன் செஞ்ச சோதனை சயன்ஸ் பத்திரிகையில வந்துச்சு. பெரியவங்களோட சிவப்பணு தாய் செல்கள எடுத்து பிசிஎல்11ஏ அளவ குறைச்சாங்க, காமா திரும்ப ஓட ஆரம்பிச்சுடுச்சு. 2011-ல அதே ஆர்கின் லேப்ல சிக்கிள் நோய் இருக்கற எலிகள்ல, ரத்த செல்கள்ல மட்டும் இந்த ஜீன எடுத்துட்டாங்க, எலிங்களுக்கு நோயே சரியாயிடுச்சு. சிக்கிள் மியூட்டேஷன தொடவே இல்ல, அது அப்படியே இருக்க விட்டு மூடறவன மட்டும் எடுத்தாங்க. பசங்களுக்கு இத சொல்லும்போது இங்க ஒரு நிமிஷம் நிறுத்துங்க டீச்சர். கெட்டுப்போன ஜீன சரி பண்ணாமலே ஒரு பரம்பரை நோய சரி பண்ண முடியும்னு காட்டின சோதனை இது.

டிஎன்ஏல முன்னூறு கோடி எழுத்து இருக்கு, அதுல சரியா காமா ஜீன் கிட்ட போய் உக்காரணும்னு ஒரு புரோட்டீனுக்கு எப்படித் தெரியுது? – முதலாண்டு மாணவர், திருச்சி

நல்ல கேள்வி தம்பி, இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச எடம், அதனால கொஞ்சம் பொறுமையா படிங்க.

பிசிஎல்11ஏ ஒரு ஜிங்க் ஃபிங்கர் புரோட்டீன். அதாவது புரோட்டீன் சங்கிலி அங்கங்க ஒரு துத்தநாக அணுவ சுத்தி மடிஞ்சு விரல் மாதிரி நீட்டிகிட்டு இருக்கும். அந்த விரல்கள் டிஎன்ஏ திருகுல இருக்கற பள்ளத்துக்குள்ள போயி, பிரெய்ல் படிக்கறவங்க எழுத்த விரலால தடவிப் பாக்கற மாதிரி, இழைய பிரிக்காமலே வெளியிலேர்ந்து எழுத்துகள படிக்கும். பிசிஎல்11ஏ-ல கடைசிப் பக்கம் மூணு விரல் சேர்ந்தாப்ல இருக்கு, அதுங்க தேடற வார்த்தை ஆறே எழுத்து: டி-ஜி-ஏ-சி-சி-ஏ.

ஆறு எழுத்துன்னா அது ஜீனோம்ல லட்சக்கணக்கான எடத்துல தற்செயலாவே வரும்னு நீங்க கணக்கு போட்டு கேப்பீங்க. வரும்தான். ஆனா டிஎன்ஏல பெரும்பகுதி ஹிஸ்டோன்ங்கற புரோட்டீன் உருண்டைகள் மேல சுத்தி இறுக்கமா பேக் ஆகி கிடக்கு, விரல் உள்ள போக முடியாது. சிவப்பணு தாய் செல்லுல குளோபின் ஜீன்கள் இருக்கற ஏரியா திறந்து கிடக்கும், அதனால அங்க போய் பிடிக்க முடியுது. காமா ஜீன் ஆரம்பிக்கற எடத்துக்கு முன்னாடி இந்த ஆறு எழுத்து ரெண்டு தடவை வருது, ஒண்ணு சுமார் 115 எழுத்து முன்னாடி, இன்னொண்ணு சுமார் 88 எழுத்து முன்னாடி. பிசிஎல்11ஏ உக்கார்றது பெரும்பாலும் தூரமா இருக்கற 115-ல. இத 2018-லதான் ஆர்கின் குழுவும் ஆஸ்திரேலியாவுல மெர்லின் கிராஸ்லி குழுவும் தனித்தனியா உறுதி பண்ணினாங்க. மேல டீச்சருக்கு சொன்னேன் இல்லையா, சில குடும்பத்துல பெரியவங்களுக்கும் ஹெச்பி எஃப் குறையாதுன்னு, அவங்கள்ல சில பேருக்கு எழுத்து மாறியிருந்தது கரெக்டா இந்த ஆறு எழுத்துக்குள்ள. கிரேக்கக் குடும்பங்கள்ல பார்த்த மாற்றம் 117-வது எழுத்துல ஜி போயி ஏ வந்தது. ஒரே எழுத்து. விரலுக்கு பிடி கிடைக்கல, பிசிஎல்11ஏ உக்கார முடியல, காமா வாழ்நாள் முழுக்க ஓடுது. பல வருஷமா காரணம் புரியாம ஃபைல்ல கிடந்த குடும்பங்களோட கதைக்கு அன்னிக்கு விடை கிடைச்சுது.

சரி உக்காந்துட்டா எப்படி மூடுது? ரெண்டு விதமா. ஒண்ணு, பக்கத்துலயே அந்த 88 கிட்ட என்எஃப்-ஒய்னு ஒரு புரோட்டீன் வந்து உக்காந்து ஜீன ஓட வைக்கணும், பிசிஎல்11ஏ எடத்த அடைச்சுகிட்டு இருக்கறதால அதால உக்கார முடியாம போகுது, ரெண்டு பேருக்கும் அங்க எடம் பத்தாது. இது 2021-ல தெரிய வந்த விஷயம். ரெண்டாவது, பிசிஎல்11ஏ என்யுஆர்டி-ன்னு ஒரு பெரிய புரோட்டீன் கூட்டத்த கூட்டிட்டு வரும், அது ஹிஸ்டோன்ல இருக்கற, ஜீன திறந்து வைக்கற அசிட்டைல் குறிகள எடுத்துட்டு அந்த எடத்தையே இறுக்கிடும். காமா பக்கம் மூடினதும், எல்சிஆர்-னு குளோபின் ஜீன்களுக்கெல்லாம் முன்னாடி தள்ளி இருக்கற பெரிய ஊக்கப் பகுதி வளைஞ்சு வந்து பீட்டாவ தொடும். குழந்தை பொறக்கற சமயத்துல எலும்பு மஜ்ஜையில கோடிக்கணக்கான செல்லுல நடக்கறது இதுதான்.

அப்ப பிசிஎல்11ஏ-வ மொத்தமா அழிச்சுட வேண்டியதுதானே? – வாசகர், சேலம்

கூடாதுங்க. காமாவ மூடறது அதோட பல வேலையில ஒண்ணு. ஆன்டிபாடி தயாரிக்கற பி செல் உருவாகறதுக்கு அது வேணும், மூளை வளர்ச்சிக்கு வேணும், ரத்த செல்கள் எல்லாத்தையும் உண்டாக்கற ஸ்டெம் செல்லுக்கு வேணும். உடம்பு முழுக்க இது இல்லாம பண்ணின எலிக்குட்டி பொறந்ததுமே செத்துப் போகுது. மனுஷங்கள்லயும் ரெண்டு காப்பியில ஒண்ணு பொறவியிலேயே கெட்டுப் போன குழந்தைங்க இருக்காங்க, அறிவு வளர்ச்சி தாமதமாகுது, பேச்சு தாமதமாகுது, ஹெச்பி எஃப் மட்டும் கூட இருக்கு. அந்தக் குழந்தைங்கள பத்தி படிக்கும்போது மனசு கஷ்டமாத்தான் இருக்கும், ஆனா இந்த புரோட்டீன் மனுஷ உடம்புல என்னென்ன செய்யுதுன்னு நமக்கு சொல்லிக் குடுத்ததே அவங்கதான்.

வழி எங்க இருந்ததுன்னா, ஜீனுக்கு உள்ளயே. 2013-ல டேனியல் பாவரும் ஆர்கினும் கண்டுபிடிச்சது. பிசிஎல்11ஏ ஜீனோட ரெண்டாவது இன்ட்ரான்ல, அதாவது புரோட்டீனா மாறாத பகுதியில, ஒரு என்ஹான்சர் இருக்கு. அது சிவப்பணு தாய் செல்லுல மட்டும் இந்த ஜீன ஏத்தி விடற எடம். பி செல்லும் மூளையும் இத நம்பி இல்ல, அதுங்களுக்கு வேற எடம். அப்ப இத மட்டும் கெடுத்தா சிவப்பணுவுல மட்டும் பிசிஎல்11ஏ குறையும், மத்த எடத்துல அது பாட்டுக்கு இருக்கும். 2015-ல அதே குழு டிஎன்ஏவ குறிச்ச எடத்துல வெட்டற கிரிஸ்பர்ங்கற கருவிய வெச்சு அந்த என்ஹான்சர் முழுக்க ஒவ்வொரு எடமா வெட்டி வெட்டி பார்த்து, எங்க வெட்டினா காமா அதிகமா ஓடுதுன்னு தேடினாங்க. ஜீன் ஆரம்பத்துலேர்ந்து 58 ஆயிரம் எழுத்து தள்ளி ஒரு சின்ன புள்ளி மாட்டுச்சு. அந்தப் புள்ளியில வந்து உக்கார்றது யாரு தெரியுமா, விருதுநகர் தம்பிக்கு சொன்ன அந்த ஜிஏடிஏ1.

அதாவது ஜிஏடிஏ1 பிசிஎல்11ஏ-வ ஓட வைக்குது, பிசிஎல்11ஏ காமாவ மூடுது. ஜிஏடிஏ1 உக்கார்ற அந்த சில எழுத்துகள வெட்டிட்டா மொத்த சங்கிலியும் தளர்ந்து காமா திறந்துக்குது. ஒரு புரோட்டீனையும் சிதைக்கல, ஒரு ஜீனோட அர்த்தத்தையும் மாத்தல. இந்த வேலையோட நேர்த்திய நினைச்சா எனக்கு இன்னமும் சந்தோஷம் தாங்க முடியல.

இது மனுஷங்களுக்கு நிஜமா செஞ்சு பார்த்தாச்சா, இல்ல எலியோட சரியா? – வாசகர், நாகர்கோவில்

செஞ்சாச்சு, மருந்தாவே அனுமதியும் கிடைச்சாச்சு. அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்தச் சேர்ந்த விக்டோரியா கிரே, சிக்கிள் செல் நோயாளி, 2019 ஜூலைல நாஷ்வில்ல இந்த என்ஹான்சர கிரிஸ்பரால வெட்டற சிகிச்சை எடுத்துகிட்டாங்க, அந்த நாட்டுல முதல் ஆள். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் சராசரியா வருஷத்துக்கு ஏழு தடவை கடுமையான வலி வந்து அவதிப்பட்டவங்க. சிகிச்சைக்கு முன்னாடி 9 சதவீதமா இருந்த ஹெச்பி எஃப் பதினஞ்சு மாசத்துல 43 சதவீதம் ஆச்சு, மொத்த ஹீமோகுளோபின் 7.2-லேர்ந்து 12 ஆச்சு. அதே வருஷம் ஜெர்மனியில ஒரு தலசீமியா நோயாளிக்கும் செஞ்சாங்க, அவங்களுக்கு ரத்தம் ஏத்தறதே நின்னு போச்சு.

2023 நவம்பர்ல பிரிட்டன், டிசம்பர்ல அமெரிக்கா சிக்கிள் நோய்க்கு அனுமதி குடுத்தாங்க, 2024 ஜனவரில அமெரிக்கா தலசீமியாவுக்கும் குடுத்துச்சு. மருந்து பேரு காஸ்ஜெவி. அமெரிக்க அனுமதிக்கு போன கணக்குல, போதுமான நாள் பின்தொடர்ந்து பார்த்த சிக்கிள் நோயாளிங்க 31 பேர்ல 29 பேருக்கு குறைஞ்சது ஒரு வருஷம் தொடர்ச்சியா கடுமையான வலி வரல, தலசீமியாவுல 35 பேர்ல 32 பேருக்கு ஒரு வருஷம் ரத்தம் ஏத்த வேண்டி வரல.

ஆனா ஒரு ஊசி போட்டா முடிஞ்சுதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஸ்டெம் செல்ல ரத்தத்துக்கு வர வெச்சு மெஷின்ல பிரிச்சு எடுக்கணும், லேபுக்கு அனுப்பி எடிட் பண்ணி திரும்ப வர மாசக் கணக்காகும், அதுக்கப்புறம் மஜ்ஜையில இருக்கற பழைய செல்லெல்லாம் போகறதுக்கு புஸல்ஃபான்னு கடுமையான கீமோ மருந்து குடுக்கணும், முடி கொட்டும், வாயெல்லாம் புண்ணாகும், சில வாரம் ஆஸ்பத்திரியில தனி ரூம்ல இருக்கணும். குழந்தை பெத்துக்கற தன்மையும் பாதிக்கப்படலாம்ங்கறதால முட்டையையோ விந்தணுவையோ முன்னாடியே சேமிச்சு வைக்கறத பத்தி டாக்டர்கிட்ட பேசிடணும்.

விலை என்ன? நம்ம ஊர்ல கிடைக்குமா? – வாசகி, வேலூர்

அமெரிக்காவுல 22 லட்சம் டாலர். ரூபாய்ல பார்த்தா 18 கோடிக்கு மேல. இந்த விலைக்கு நம்ம குடும்பங்கள் கனவுல கூட போக முடியாது, இந்த நோய் அதிகமா இருக்கறதே ஆப்பிரிக்காவுலயும் இந்தியாவுலயும்தான்ங்கறத நினைச்சா கோவம்தான் வருது. டெல்லியில சிஎஸ்ஐஆரோட ஐஜிஐபி-ங்கற ஆராய்ச்சி நிறுவனத்துல சிக்கிள் செல்லுக்கு சொந்தமா ஜீன் எடிட்டிங் வேலை நடந்துட்டு இருக்கு, விலை குறைய எனக்கு தெரிஞ்ச நல்ல வழி அதுமாதிரி நம்மளே செய்யறதுதான்.

இப்போதைக்கு நம்ம ஊர்ல தலசீமியாவ நிரந்தரமா சரி பண்ற வழின்னா எலும்பு மஜ்ஜை மாற்றுதான், உங்க ஊர் சிஎம்சி-லயே 1986-லேர்ந்து பண்றாங்க. கூடப் பொறந்தவங்க மஜ்ஜை பொருந்தறதுக்கு நாலுல ஒரு வாய்ப்பு. குழந்தை சின்ன வயசா, கல்லீரல்ல இரும்பு சேராம இருக்கும்போதே செஞ்சா பலன் ஜாஸ்தி, அதனால ஜீன் எடிட்டிங் வரும் வரும்னு காத்திருந்து பொருந்தற அண்ணன் தங்கச்சி இருந்தும் தள்ளிப் போடாதீங்க.

கூடலூர் பக்கம் எங்க ஆளுங்க நிறைய பேருக்கு சிக்கிள் செல் இருக்குன்னு கேம்ப்ல சொன்னாங்க. ஹைட்ராக்சியூரியா மாத்திரை குடுத்திருக்காங்க, இது கேன்சர் மருந்துன்னு பக்கத்து வீட்டுல பயமுறுத்தறாங்க. – வாசகர், நீலகிரி

பயப்படாம சாப்பிடுங்க, நிறுத்திடாதீங்க. கேன்சருக்கும் குடுக்கற மருந்துதான், ஆனா உங்களுக்கு குடுக்கறது வேற நோக்கத்துக்கு. அது ஹெச்பி எஃப்-ப கூட்டும். கரு ஹீமோகுளோபின் கலந்திருந்தா சிக்கிள் ஹீமோகுளோபின் ஒண்ணோட ஒண்ணு கோத்துகிட்டு குச்சி குச்சியா நீள முடியாது, நடுவுல இது வந்து தடுத்துடும், அதனால செல் வளையறது குறையும், வலி குறையும். அமெரிக்காவுல 1998-லேயே சிக்கிள் நோய்க்கு அனுமதி கிடைச்ச மருந்து. இத்தன நேரம் நான் பேசினது கோடிக்கணக்குல செலவு பண்ணி செய்யற சிகிச்சை, இந்த மாத்திரை அதே ஹெச்பி எஃப்-ப கொஞ்சம் ஏத்தி விடுது, கைக்கு எட்டற விலையில. டாக்டர் சொல்ற தேதிக்கு ரத்த அணு எண்ணிக்கை பாத்துக்குங்க, ஏன்னா வெள்ளணு குறையலாம். கர்ப்பம் தரிக்க நினைக்கறவங்க முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லிடணும்.

இந்தியாவுல சிக்கிள் செல் முதல்ல பதிவானதே உங்க நீலகிரியிலதான், 1952-ல லேமனும் கட்புஷும் அங்க இருக்கற பழங்குடி மக்கள் ரத்தத்துல பார்த்து எழுதினாங்க. மலேரியா இருந்த காடுகள்ல ஒரு காப்பி சிக்கிள் ஜீன் இருந்தவங்க தப்பிச்சதால அது தங்கிடுச்சு. நம்ம நாட்டு சிக்கிள் நோயாளிங்களுக்கு பெரும்பாலும் இருக்கற அரபு-இந்திய வகைல ஹெச்பி எஃப் இயல்பாவே கொஞ்சம் கூட இருக்கும், அதனால சில பேருக்கு நோய் லேசா போகுது. ஆனா லேசுதான்னு யாரும் அலட்சியமா விட்டுடக் கூடாது, கடுமையா வர்றவங்களும் இருக்காங்க. 2023 ஜூலைல மத்திய அரசு ஆரம்பிச்ச சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்துல 40 வயசு வரைக்கும் 7 கோடி பேர பரிசோதிக்கறதா இலக்கு வெச்சாங்க, கேம்ப் வந்தா வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு போங்க.

மனைவிக்கு மசக்கை டெஸ்ட் எடுத்தப்ப எனக்கும் எடுத்தாங்க. ஹெச்பி எஃப் 6 சதவீதம்னு வந்திருக்கு. எனக்கு நோயா? – வாசகர், கும்பகோணம்

உடம்புல ஒண்ணும் பண்ணாம, ஹீமோகுளோபின் அளவும் செல்லோட சைஸும் நார்மலா இருந்தா, மேல சொன்ன அந்த பரம்பரையா ஹெச்பி எஃப் குறையாம இருக்கற வகையா இருக்கலாம், அது நோய் இல்ல. ஆனா தலசீமியா கேரியர்கள்ல, அதாவது கெட்ட ஜீன் ஒண்ணு மட்டும் இருக்கறவங்கள்ல, சில வகையிலயும் ஹெச்பி எஃப் கூடும், அதனால ரிப்போர்ட்ல எம்சிவி (சிவப்பணுவோட சைஸ்), ஹெச்பி ஏ2 (இன்னொரு வகை ஹீமோகுளோபின்) ரெண்டும் எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட காட்டுங்க. மனைவியும் கேரியரா இருந்தாத்தான் யோசிக்கணும், அப்ப ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு வாய்ப்பு குழந்தைக்கு மேஜர் வர, அதுக்கு பத்து பதிமூணு வாரத்துக்குள்ளயே கருவுல டெஸ்ட் பண்ண முடியும். நாள் கடத்தாம இந்த வாரமே போங்க.

பிசிஎல்-ங்கற பேர்லயே லூகேமியா இருக்கே, அத நோண்டினா கேன்சர் வராதா? – வாசகி, மதுரை

அந்த ஜீன் குரோமோசோம் உடைஞ்சு எடம் மாறி அளவுக்கு மீறி ஓடினப்ப ரத்தப் புற்றுல முதல்ல கவனிச்சாங்க, அதனால அந்த பேரு. இங்க செய்யறது அத சிவப்பணுவுல குறைக்கற வேலை, நேர் எதிர் திசை. கிரிஸ்பர் தப்பான எடத்துல வெட்டிடுமோங்கற கவலை நியாயமானதுதான், அதனாலதான் சிகிச்சை எடுத்துகிட்டவங்கள 15 வருஷம் தொடர்ந்து கவனிக்கறாங்க. இந்த பின்தொடர்தல் முக்கியம், அத அவசரப்பட்டு யாரும் முடிச்சுடக் கூடாது.

கீமோ இல்லாம, எடிட்டிங் இல்லாம, மாத்திரையாலயே இந்த புரோட்டீன தடுக்க முடியாதா? – ஃபார்மசி மாணவி, கோயம்புத்தூர்

இப்ப பல லேப் இதத்தான் தேடிகிட்டு இருக்கு. கஷ்டம் என்னன்னா, டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர்ல மருந்து போய் ஒட்டிக்க ஆழமான குழி பொதுவா இருக்காது, என்சைம்ல இருக்கற மாதிரி இல்ல. அதனால வேலைய தடுக்கறதுக்கு பதிலா புரோட்டீனையே செல்லோட கழிவு இயந்திரத்துகிட்ட பிடிச்சு குடுக்கற மருந்துகள தேடறாங்க. 2024-ல நோவார்டிஸ்ங்கற மருந்துக் கம்பெனியோட ஆராய்ச்சியாளர்கள் சயன்ஸ் பத்திரிகையில ஒண்ணு வெளியிட்டாங்க, அது குறி வெச்சது பிசிஎல்11ஏ-வ இல்ல, விஸ்-னு இன்னொரு டிரான்ஸ்கிரிப்ஷன் ஃபேக்டர, அதுவும் காமாவ மூடறதுல பங்கு இருக்கறது. எலியிலயும் குரங்குலயும் குடுத்துப் பார்த்ததுல ஹெச்பி எஃப் ஏறுச்சு. இதே வழியில இசட்பிடிபி7ஏ-ங்கற இன்னொரு மூடற புரோட்டீனையும் சேர்த்து குறி வைக்கற மருந்து மனுஷங்க மேல சோதனைக்கு வந்திருக்கு. ஃபார்மசி படிக்கறீங்க இல்லையா, புரோட்டீன் டீக்ரேடர்ங்கற தலைப்புல தேடிப் படிச்சுப் பாருங்க, புராஜெக்ட்டுக்கு கை வைக்கறதா இருந்தா இப்ப நல்ல நேரம்.